மாதம் ஒரு சிங்கப்பூர், வருடம் இரண்டு ஜெர்மனி: மைலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கேள்வி: அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் கம்பெனியில் ஏற்றுமதி விற்பனை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை சிங்கப்பூர், வருடத்தில் இரண்டு தடவை ஜெர்மனி, நடுநடுவே புனே, டெல்லி. எல்லாம் எகானமிதான், டிக்கெட் போடுவது ஆபீஸ் டிராவல் டெஸ்க். இண்டிகோ, ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ், லுஃப்தான்சா என்று ஐந்து இடத்தில் மைல் கணக்கு வைத்திருக்கிறேன். ஐந்திலும் சில்லறைதான் கிடக்கிறது. எமிரேட்ஸுக்கு ஈடில்லை என்கிறார் கூட வேலை பார்ப்பவர். கிரெடிட் கார்டு ஒன்றே போதும் என்கிறார் மைத்துனர். சாம்பிள் பெட்டிகளுக்கு அடிக்கடி அதிக எடைக் கட்டணம் கட்டுகிறேன். மே மாத லீவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மைலிலேயே எங்காவது போய்வர ஆசை. ஆபீஸ் காசில் வந்த மைலை வீட்டுக்குச் செலவழிக்கலாமா? இன்னொன்று: கடைசியாகப் போன மூன்று சிங்கப்பூர் பயணங்களின் மைல் கணக்கில் ஏறவே இல்லை. என்ன செய்வது?

பதில்:

கம்பெனிகளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். "எந்தத் திட்டம் பெஸ்ட்?" என்று கேட்டு வரும் கடிதங்களில் பெரும்பாலும் பயண விவரமே இருக்காது. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது.

கணக்கைப் பார்க்குமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். விமானக் கம்பெனி உங்களுக்கு இரண்டு பொருள் தருகிறது. ஒன்று, செலவழிக்கிற மைல், அதாவது பறப்பதற்குப் பரிசாகச் சேரும் புள்ளி. இதைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம், சீட்டை உயர் வகுப்புக்கு மாற்றலாம். மற்றொன்று, அந்தஸ்து: சில்வர், கோல்டு என்று வருடா வருடம் தேடிச் சேர்க்க வேண்டிய படி. செக்-இன் வரிசை, லாஞ்ச் (விமான நிலைய ஓய்வறை), கூடுதல் பெட்டி, விமானம் ரத்தானால் அடுத்ததில் இடம் கிடைப்பதில் முன்னுரிமை எல்லாம் இதோடு வருபவை. உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பெட்டி எடைக்குக் காசு கட்டுவது அந்தஸ்து இல்லாததால். மே மாத ஆசை மைல் சம்பந்தப்பட்டது. மைத்துனர் சொல்லும் கார்டு மைலைக் கொடுக்கும், அந்தஸ்தைக் கொடுக்காது. கார்டிலிருந்து மாற்றிய மைல் எவ்வளவு குவிந்தாலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையர் கணக்கில், அந்தஸ்துக்கு எண்ணப்படும் 'எலைட் மைல்' ஒன்றுகூட ஏறாது.

அடுத்து, பலர் கவனிக்காத ஒரு வசதி. நீங்கள் ஏறும் விமானமும் மைல் சேரும் கணக்கும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, ஏர் இந்தியா மூன்றும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கின்றன. 1997-இல் தொடங்கிய அந்தக் கூட்டணியில் ஏர் இந்தியா சேர்ந்தது 2014-இல். லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் போகும்போது டிக்கெட்டில் கிரிஸ்ஃப்ளையர் எண்ணைப் போடலாம். மைல் அங்கே போய்ச் சேரும், எலைட் மைலும் கூடவே. நீங்கள் லுஃப்தான்சாவுக்கு ஒன்று, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போட்டதால்தான் இரண்டிலும் சில்லறை தங்கியிருக்கிறது.

இனி கணக்கு. கிரிஸ்ஃப்ளையரில் தொடர்ச்சியான 12 மாதத்தில் 25,000 எலைட் மைல் சேர்ந்தால் சில்வர், 50,000 சேர்ந்தால் கோல்டு. சென்னை–சிங்கப்பூர் ஒருவழி ஏறக்குறைய 1,800 மைல் தூரம். எகானமி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவான 'லைட்' கட்டணத்தில் தூரத்தில் பாதிதான் மைலாக வரும், 'ஃப்ளெக்ஸி'யில் முழுத் தூரமும் வரும். இரண்டுக்கும் நடுவே 'வேல்யூ', 'ஸ்டாண்டர்டு' என்று இன்னும் இரண்டு படி. ஆக லைட்டில் போய்வந்தால் 1,800, ஃப்ளெக்ஸியில் 3,600. பன்னிரண்டு தடவைக்கு லைட்டில் 21,600. வருடம் முழுக்க மாதாமாதம் பறந்தும் சில்வருக்கு 3,400 குறையும். அதே பயணங்கள் ஃப்ளெக்ஸியில் 43,200.

ஜெர்மனியைச் சேர்ப்போம். சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் ஒருவழி சுமார் 4,700 மைல். இரண்டு முறை போய்வந்தால் முழு அளவில் 18,800. லுஃப்தான்சாவின் மலிவு எகானமி டிக்கெட்டுக்குக் கிரிஸ்ஃப்ளையர் முழுதாகத் தருவதில்லை. பாதி என்றே வைத்தால் 9,400. லைட்டோடு கூட்டினால் 31,000, அதாவது சில்வர். ஃப்ளெக்ஸியோடு கூட்டினால் 52,600, கோல்டு. ஒரே ஆள், ஒரே ஊர்கள், ஒரே எண்ணிக்கையில் பயணங்கள். டிக்கெட்டில் இருக்கும் ஒற்றை எழுத்து இரண்டு படிக்கு நடுவே நிற்கிறது. ஒய், எம், கே, வி என்று இ-டிக்கெட்டில் ஓர் எழுத்து இருக்கும், பாருங்கள். அதுதான் கட்டண வகுப்பு. உங்கள் டிராவல் டெஸ்க் எந்த எழுத்தில் போடுகிறது என்று பார்க்காமல் திட்டங்களை ஒப்பிடுவது வீண் வேலை.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இண்டிகோவும் பறக்கிறது. சில மாதம் விலை பார்த்து டெஸ்க் அதில் போட்டிருக்கலாம். இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லை, அந்தப் பயணம் கிரிஸ்ஃப்ளையரில் ஏறாது. பன்னிரண்டில் நான்கு இப்படிப் போனால், மீதி எட்டும் ஃப்ளெக்ஸியாக இருந்து ஜெர்மனிக்கு முழு மைலே கிடைத்தாலும் 47,600தான். 2,400 மைலில் கோல்டு கைநழுவும். நாலு தடவை விலகியதற்கு வருடம் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும்.

சில்வருக்காக மெனக்கெட வேண்டாம். கூட்டணி அளவில் அது காத்திருப்புப் பட்டியலில் கொஞ்சம் முன்னே நிறுத்தும், அவ்வளவுதான். கோல்டு வேறு சங்கதி. கிரிஸ்ஃப்ளையர் எலைட் கோல்டு இருந்தால் அது ஸ்டார் கோல்டும், அதாவது ஸ்டார் அலையன்ஸ் முழுக்கச் செல்லும் கோல்டும் ஆகும். லுஃப்தான்சாவில் எகானமியில் போனாலும் ஃபிராங்க்ஃபர்ட்டில் லாஞ்ச் உண்டு, கூட ஒருவரை அழைத்துப் போகலாம். உங்களுக்கு அதைவிடப் பெரியது எடை. எடைக் கணக்கில் போகும் தடங்களில் 20 கிலோ கூடுதல். பெட்டி எண்ணிக்கைக் கணக்கில் போகும் தடங்களில் ஒரு பெட்டி கூடுதல். பிரேக் பாகங்களோ பேரிங்கோ, சாம்பிளாக எதைத் தூக்கிப் போனாலும் இந்த 20 கிலோ உடனே கண்ணில் தெரியும். லாஞ்சைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. இந்தியாவில் பாதிப் பேர் கிரெடிட் கார்டைத் தேய்த்தே உள்ளே போய்விடுகிறார்கள், மாலை நேரத்தில் உட்கார இடம் கிடைப்பதே பெரிது. வங்கிகளும் இப்போது 'இவ்வளவு செலவழித்தால்தான் லாஞ்ச்' என்று இறுக்கிக்கொண்டு வருகின்றன.

ஃப்ளெக்ஸி விலை கூடுதலாயிற்றே, முதலாளி சம்மதிப்பாரா என்று யோசிப்பீர்கள். 'எனக்கு மைல் வேண்டும்' என்று போய்க் கேட்காதீர்கள். அது நியாயமும் இல்லை. கணக்குப் பிரிவில் கடந்த ஒரு வருடத்துக்கு, சிங்கப்பூர் டிக்கெட்டுகளுக்குத் தேதி மாற்றக் கட்டணமாகவும் ரத்துக் கட்டணமாகவும் எவ்வளவு போனது என்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். விற்பனை வேலையில் சந்திப்புகள் நகர்ந்துகொண்டே இருக்கும். லைட்டில் ஒவ்வொரு நகர்வுக்கும் கட்டணம். ஃப்ளெக்ஸியில் மாற்றக் கட்டணம் கிடையாது, கட்டண வித்தியாசம் வந்தால் அதை மட்டும் கட்ட வேண்டும். அத்தோடு உங்கள் அதிக எடைச் செலவையும் கூட்டுங்கள். தொகை நெருங்கி வந்தால் கட்டண வகுப்பை உயர்த்துவது கம்பெனிக்கே லாபம். நெருங்கி வராவிட்டால் லைட்டிலேயே போங்கள், கோல்டை மறந்துவிடுங்கள். உங்கள் கம்பெனி சிறியது அல்லது நடுத்தரம் என்றால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'ஹைஃப்ளையர்' திட்டத்தில் கம்பெனியையே சேர்க்கச் சொல்லுங்கள். அதே டிக்கெட்டுக்குக் கம்பெனிக்குத் தனியாகப் புள்ளி, உங்களுக்குத் தனியாக மைல். முதலாளியிடம் இதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு எளிதாக முடியும்.

சிலர் மைலுக்காகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகிறார்கள். மேற்கே போக வேண்டியவர் நான்கு மணி நேரம் கிழக்கே பறந்து, பிறகு பதின்மூன்று மணி நேரம் திரும்பி வருவது. மைல் கொட்டும்தான். மறுநாள் காலை வாடிக்கையாளர் முன்னால் உட்காரப் போவது நீங்கள்தானே.

எமிரேட்ஸ் விஷயம். நண்பர் துபாய்க்கு அடிக்கடி போகிறவராக இருந்தால் அவர் சொல்வது அவருக்குச் சரி. எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில் 25,000 'டியர் மைல்' (அந்தஸ்துக்கு எண்ணப்படும் மைல்) அல்லது 25 பறப்புகளுக்குச் சில்வர், 50,000 அல்லது 50 பறப்புகளுக்குக் கோல்டு. துபாயில் இறங்கி மாறிப் போகிறவருக்கு ஒரு போய்வரலிலேயே நான்கு பறப்பு கணக்காகும். ஆனால் எமிரேட்ஸ் எந்தப் பெருங்கூட்டணியிலும் சேராமல் தனியே நிற்கிறது. அந்தக் கோல்டுக்கு மாதாமாதம் போகும் சிங்கப்பூர் தடத்தில் மதிப்பு இல்லை. ஜெர்மனியை மட்டும் துபாய் வழியாகப் போட்டால் வருடத்துக்கு எட்டுப் பறப்பு. எப்போது 25?

லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் ஐரோப்பாவிலேயே சுற்றுகிறவர்களுக்கானது. 2024 முதல் அங்கே அந்தஸ்துக்குத் தனிப் புள்ளி முறை: முதல் படிக்கு 650, ஸ்டார் கோல்டு தரும் செனட்டர் படிக்கு 2,000, அதில் பாதி லுஃப்தான்சா குழுமத்திலும் அதன் கூட்டாளிகளிலும் பறந்தே சேர்க்க வேண்டும். எகானமியில் வருடத்துக்கு இரண்டு பயணம் போகிறவருக்கு எட்டாது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் தூரத்தை விட்டுச் செலவுக்கு மாறிவிட்டது: ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி, சில்வருக்கு 7,500. லண்டனுக்கு பிசினஸ் கிளாஸில் போகிறவர்கள் கவலைப்படட்டும். கத்தார் நல்ல கம்பெனிதான், ஆனால் அது ஒன்வேர்ல்டு கூட்டணி. உங்கள் சிங்கப்பூர் பயணங்கள் அங்கே சேராது.

ஏர் இந்தியாவைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். 2024 நவம்பரில் விஸ்தாரா அதோடு இணைந்தது, ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் திட்டம் 'மகாராஜா கிளப்' ஆனது, கோல்டு வாங்கினால் அதுவும் ஸ்டார் கோல்டுதான். ஆனால் 2024 முதல் புள்ளிகள் டிக்கெட்டுக்குச் செலவழித்த தொகையைப் பொறுத்தவை. உங்களைப் போல எகானமியில் அடிக்கடி போகிறவருக்கு, தூரத்துக்கு மைல் தரும் கிரிஸ்ஃப்ளையர் இன்னும் சாதகம். உங்கள் வேலை டெல்லி–மும்பை–லண்டன் என்று இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

உள்நாட்டில் புள்ளியைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். புனேயில் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலையில் நிற்க எந்த விமானம் உதவுமோ அதில் ஏறுங்கள். அது பெரும்பாலும் இண்டிகோவாக இருக்கும். உள்நாட்டுப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் அவர்களிடம்தான். அவர்களுடைய 'ப்ளூசிப்' புள்ளித் திட்டத்தின் எண்ணை ஒருமுறை டிராவல் டெஸ்க்கிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். சேர்ந்தது சேரட்டும், சொந்த ஊருக்குப் போகும்போது கழித்துக்கொள்ளலாம்.

மே மாதம். மாதாமாதம் சிங்கப்பூர் போகிறவர் குடும்பத்தையும் அங்கேயே அழைத்துப் போவதா என்று அலுப்பாக இருக்கலாம். ஆனாலும் மைல் டிக்கெட் எளிதாகக் கிடைக்கக்கூடியது அந்தத் தடத்தில்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணம் வாங்குவதை 2017-இல் நிறுத்திவிட்டது. வரி மட்டும் கட்டினால் போதும். லுஃப்தான்சா போன்றவற்றில் மைலையும் கொடுத்துவிட்டுப் பெரிய தொகையும் கட்ட வேண்டி வரும். சிக்கல் இடத்தில் இருக்கிறது. மலிவான 'சேவர்' மைல் டிக்கெட்டுகள் ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம்தான். பள்ளி லீவில் ஒரே விமானத்தில் நான்கு வேண்டுமென்றால், ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால் பதிவு திறக்கும்போதே உட்கார வேண்டும். மார்ச்சில் தேடினால் கிடைக்காது. மனைவி, பிள்ளைகளின் பெயர்களை உங்கள் கணக்கில் 'நாமினி'யாக (உங்கள் மைலில் டிக்கெட் போடக்கூடியவராக) இப்போதே பதிந்துவிடுங்கள். ஐந்து பேர் வரை சேர்க்கலாம்.

மைத்துனரின் யோசனை உதவுவது இங்கேதான். நான்கு பேருக்கான மைல் உங்கள் பறப்பால் மட்டும் வராது. வீட்டுச் செலவுக் கார்டில் புள்ளியை மைலாக மாற்றும் வசதி இருந்தால் பற்றாக்குறையை அதில் நிரப்பலாம். ஆனால் சீட் இருக்கிறது என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். கார்டிலிருந்து மைலாகப் போனது திரும்பி வராது, கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். மாற்றுவது லாபமா என்று பார்க்க எளிய வழி: காசு கொடுத்து வாங்கினால் டிக்கெட் 30,000 ரூபாய், மைல் டிக்கெட்டுக்கு வரி 6,000, கேட்கும் மைல் 20,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் 24,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 1 ரூபாய் 20 பைசா. அதே கார்டுப் புள்ளியைப் பில்லில் கழித்தால் எவ்வளவு தருவார்கள் என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

சேர்த்து வைத்துக்கொண்டே போகவும் வேண்டாம். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றபோது கிங் கிளப் மைல்கள் அதோடு போயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது, அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் 'இன்டர்மைல்ஸ்' என்ற பெயரில் பிழைத்தது. ஆனால் அந்த மைலைக் கொடுத்து ஏற ஜெட் விமானம் இல்லை. கம்பெனி நன்றாக ஓடினாலும் விலை ஏறும். கிரிஸ்ஃப்ளையரே 2019, 2022, 2025 என்று மைல் டிக்கெட்டின் விலையை உயர்த்தியிருக்கிறது. வங்கி வைப்பு போல இதற்கு வட்டியும் கிடையாது, காப்பீடும் கிடையாது.

ஆபீஸ் காசில் வந்த மைல் யாருடையது? விமானக் கம்பெனியைப் பொறுத்தவரை, கணக்கு யார் பெயரிலோ அவருடையது. உங்கள் கம்பெனி என்ன சொல்கிறது என்பது தனிக் கேள்வி. மத்திய அரசு ஊழியர்களுக்கு விதி தெளிவு: அரசுச் செலவில் பறந்து சேர்த்த மைலை அரசுப் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும். நீங்கள் போகும் ஜெர்மனியில் 2002-இல் இது பெரிய விவகாரமே ஆனது. அரசுமுறைப் பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குச் செலவழித்த அரசியல்வாதிகள் அம்பலமானார்கள். பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சராக இருந்த கிரெகோர் கீசி பதவி விலகினார். 2006-இல் அந்நாட்டின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், முதலாளி கேட்டால் அலுவல் மைலை அலுவலுக்கே பயன்படுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம்மூர்த் தனியார் கம்பெனிகளில் பெரும்பாலும் ஊழியருக்கே விட்டுவிடுகிறார்கள். உங்கள் பயணக் கொள்கையில் அதைப் பற்றி வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அனுமதி கிடைத்துவிட்டால் குற்ற உணர்ச்சி தேவையில்லை. மாதத்தில் நான்கு இரவு வீட்டில் இல்லாததன் விலையை உங்கள் வீட்டிலும்தானே கொடுக்கிறார்கள்.

கடைசியாக, ஏறாத அந்த மூன்று பயணங்கள். என் ஊகம், பெயர்க் கோளாறு. நம் ஆட்களுக்கு இது நிரந்தரத் தொல்லை. கணக்குத் திறக்கும்போது இனிஷியலோடு 'கே. செந்தில்குமார்' என்று கொடுத்திருப்போம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் விரிந்து உட்கார்ந்திருக்கும். டிக்கெட் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். இரண்டும் வேறு ஆள் என்று கணினி ஒதுக்கிவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே இல்லாதவர்களுக்கு இன்னும் மோசம். ஒவ்வொரு விமானக் கம்பெனியும் அந்தக் காலி இடத்தை ஒவ்வொரு விதமாக நிரப்பும். கிரிஸ்ஃப்ளையர் கணக்கின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து மாற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். பெயர் மாறிய பிறகு அதே எண்ணை டிராவல் டெஸ்க்கின் பதிவிலும், லுஃப்தான்சா டிக்கெட்டுகளுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பயணம் முடிந்து ஆறு மாதம் வரை விடுபட்ட மைலைக் கேட்டு வாங்கலாம். இ-டிக்கெட் எண் வேண்டும். போர்டிங் பாஸையும் எடுத்து வையுங்கள். மூன்றும் ஃப்ளெக்ஸி என்றால் 10,800, லைட் என்றால் 5,400, அத்தனையும் எலைட் மைலாகவும் ஏறும். மூன்றில் முதல் பயணத்துக்கு ஆறு மாதம் எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள்.